வலது காலில் போலியோ: கார் லைசென்ஸ் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. சிறுவயதில் போலியோ வந்து வலது காலில் பலமில்லை. இடது காலும் கைகளும் நன்றாக இருக்கின்றன. பிரேக், ஆக்சிலேட்டரைக் கையால் இயக்கும் வசதி பொருத்திய ஆட்டோமேட்டிக் கார் ஓட்ட விரும்புகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்ட்டரில், "இந்தக் காலோடு கார் லைசென்ஸ் வராது" என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர், படிவத்தில் கால் விஷயத்தை எழுதாமல் விட்டால் சாதாரண லைசென்ஸே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: லைசென்ஸ் வாங்க உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் அந்த வாசல் ஆளை விட்டு விலகுங்கள்.

படிவம் 1 என்பது உங்கள் உடல்நிலை பற்றி நீங்களே கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. கை, கால் இயக்கத்தில் குறை உண்டா என்று அதில் நேராகவே கேட்டிருக்கிறார்கள். அங்கே 'இல்லை' என்று போட்டு வாங்கும் லைசென்ஸை, பொய்த் தகவல் கொடுத்துப் பெற்றது என்று சொல்லி மோட்டார் வாகனச் சட்டம் 19-வது பிரிவின்படி ரத்து செய்யலாம். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால், தவறு எதிராளியுடையதாகவே இருந்தாலும், உங்கள் லைசென்ஸைத்தான் முதலில் புரட்டுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைப் பிடித்துக்கொள்ளும். புரோக்கர் அன்றைக்கு உங்கள் போனை எடுக்க மாட்டார். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல.

சட்டம் சொல்வது இதுதான். உடல்குறையால் ஓட்டுவது ஆபத்தாகும் என்றால் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) தர ஆர்.டி.ஓ. மறுக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லும் அதே 8(4) பிரிவிலேயே, உடலுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்த வாகனத்தை ஓட்டத் தகுதி இருந்தால், அந்த வாகனத்துக்கு மட்டும் எல்.எல்.ஆர். தரலாம் என்றும் எழுதியிருக்கிறது. 'அடாப்டட் வெஹிக்கிள்' என்ற வகை இதற்கென்றே இருக்கிறது. 2019 திருத்தத்துக்கு முன் அதன் பெயர் 'இன்வாலிட் கேரியேஜ்'. ஆன்லைன் விண்ணப்பத்தில் இந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். 40 வயதுக்குள் இருப்பவர் சொந்த வாகன லைசென்ஸுக்குப் படிவம் 1 கொடுத்தால் வழக்கமாகப் போதும். நீங்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்றையும் சேர்த்து வையுங்கள். எலும்பு மருத்துவரிடம் வெறும் 'ஃபிட்' என்று வாங்காமல், கைக் கட்டுப்பாடு பொருத்திய ஆட்டோமேட்டிக் கார் ஓட்டத் தகுதி உண்டு என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

இடது காலில் மட்டும் குறை உள்ளவர்களின் நிலை வேறு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கவுன்ட்டரில் எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் கிடையாது. பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டும் வலது காலுக்கு உரியவை. இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை. அவர்களும் படிவத்தில் குறையை மறைக்கக் கூடாது. ஆனால் எந்த மாற்றமும் செய்யாத ஆட்டோமேட்டிக் காரைப் பாதுகாப்பாக ஓட்ட முடியும் என்று மருத்துவர் எழுதித் தந்தால், அதை வைத்து வாதாட நல்ல இடம் இருக்கிறது. உங்களுக்கு வலது கால் என்பதால் இது பொருந்தாது. கைக் கட்டுப்பாடு வேண்டும்.

காரில் எதையும் மாற்றுவதற்கு முன் எல்.எல்.ஆர். கைக்கு வரட்டும். அது 6 மாதம் செல்லும், டெஸ்ட்டுக்கு 30 நாள் கழித்துப் போகலாம். டெஸ்ட்டுக்கு அதே வகை வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். அதாவது லைசென்ஸ் வருமா என்று தெரியும் முன்பே காருக்குப் பணம் போடச் சொல்கிறார்கள். பழகவும் டெஸ்ட் கொடுக்கவும் இப்படி ஒரு காரை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் வைக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்பது என் கருத்து. அதைச் செய்யாமல் மாற்றுத்திறனாளியை அலைய விடுவது அநியாயம். எல்.எல்.ஆர். வந்த பிறகு, அங்கீகாரம் உள்ள கைக் கட்டுப்பாட்டுக் கிட்டையே பொருத்தி, மாற்றத்தை ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) பதிந்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் பின்னால் தலைவலி.

அப்புறம், கவுன்ட்டரில் வாயால் சொன்னது மறுப்பு ஆகாது. 17-வது பிரிவின்படி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த உத்தரவு கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாய்வார்த்தையை நம்பி வீடு திரும்பினால் மேல்முறையீடு செய்ய உங்கள் கையில் எதுவும் இருக்காது. விண்ணப்பத்தைப் போடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால், "விண்ணப்பம் என்ன ஆனது, எந்தக் காரணத்தால் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்.