முள் குத்திய இடம் ஏன் சிவந்து வீங்குகிறது?

விரலில் முள் ஏறினால் சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டாலே வலிக்கும். இதற்குப் பெயர் அழற்சி. காயம் பட்ட இடத்துக்கு உடல் தன் வெள்ளை அணுக்களை வரவழைக்கும் வேலை அது. இந்த நான்கு அறிகுறிகளையும் மருத்துவ நூல் எழுதிய ரோமானியரான செல்சஸ் 1-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிட, பக்கத்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிவதால் வீக்கம். வெள்ளை அணுக்களும் அந்தச் சுவரைத் தாண்டி நெளிந்து வெளியே வந்து கிருமிகளை விழுங்குகின்றன. முதலில் பெருங்கூட்டமாக வந்து சேர்பவை நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளை அணுக்கள். ஆயுள் குறைந்தவை, கிருமியோடு மல்லுக்கட்டியே மடிந்துவிடும். நாம் முகம் சுளிக்கும் சீழில் பெரும்பகுதி இவைதான். எனக்கு அதைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது.

தீப்பிடித்த வீட்டின் கதவை உடைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போன்றது இது. கொஞ்சம் சேதம் ஆனாலும் வீடு தப்பும். தீயே இல்லாதபோதும் பாய்ச்சிக்கொண்டிருந்தால் வீடு பாழாகும். முடக்குவாதத்தில் மூட்டுகளுக்கு நேர்வது அதுதான்.

வீக்கம் என்றாலே கிருமித்தொற்று என்று பலர் நினைக்கிறார்கள். கணுக்கால் சுளுக்கினாலும் வீங்கும், அங்கே கிருமி கிடையாது, ஆன்டிபயாடிக்குக்கும் வேலையில்லை.