கார்பன் டாட்: கேளுங்கள், சொல்கிறேன்

எலுமிச்சைச் சாற்றில் கார்பன் டாட் (ஒளிரும் மிகச் சிறு கார்பன் துகள்) செய்தேன் சார். யுவி விளக்கில் நீலமாக ஒளிர்கிறது. செல்லுக்குள் விட்டுப் படம் எடுக்கலாமா?

டயாலிசிஸ் செய்தீர்களா, அதாவது கரைசலைச் சவ்வுப் பையில் கட்டி நீரில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றினீர்களா? செய்யவில்லை என்றால் எதைப் படம் எடுக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. முதலில் அதை முடியுங்கள்.

2023இல் நோபல் வாங்கிய குவாண்டம் டாட் இதுதானா?

இல்லை. அவை கேட்மியம் செலினைடு போன்ற குறைக்கடத்திப் படிகங்கள். கேட்மியம் கசிந்து செல்லைக் கொல்லுமோ என்ற பயம்தான் பலரைக் கார்பன் பக்கம் தள்ளியது.

கறிவேப்பிலையில் செய்தால் நன்றாக வருமா?

வரும். ஆரஞ்சுச் சாற்றிலேயே 2012இல் ஒடிசாவின் ரூர்கேலாவில் செய்துவிட்டார்கள். இலையை மாற்றினால் புதுக் கண்டுபிடிப்பு ஆகாது. டயாலிசிஸ் செய்யுங்கள்.

சும்மா டயாலிசிஸ், டயாலிசிஸ் என்கிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

சரி, விவரமாகவே சொல்கிறேன். 2013இல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகக் குழு சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் 200 டிகிரியில் 5 மணி நேரம் வைத்து, சுமார் 80 சதவீதக் குவாண்டம் விளைச்சலை (உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு திரும்ப ஒளிர்கிறது என்ற அளவு) காட்டியது. எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். 2015இல் அதே குழு, அந்தக் கலவையில் ஐபிசிஏ என்ற சிறு மூலக்கூறும் உருவாகிப் பிரமாதமாக ஒளிர்கிறது என்று காட்டியது. அது சவ்வு வழியே வெளியேறிவிடும். துகள் பையிலேயே தங்கும். அதனால் பைக்கு வெளியே உள்ள நீரைக் கொட்டாதீர்கள். அதன் நிறமாலையையும் எடுங்கள், அதைச் செல்களுக்கும் கொடுத்துப் பாருங்கள். அதிலும் செல் ஒளிர்ந்தால் உங்கள் படத்தைத் துகளின் கணக்கில் எழுத முடியாது.

அப்படியானால் கார்பன் டாட் என்பதே பொய்யா?

அப்படிச் சொல்லவில்லை. 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் நானோகுழாய்ப் புகைக்கரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததும், 2006இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் லேசரால் செய்ததும் சிட்ரிக் அமிலத்திலிருந்து வந்தவை அல்ல. அங்கே ஐபிசிஏவுக்கு வேலையே இல்லை.

ஆனால் மூலக்கூறு துகளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பையிலும் இருக்குமே?

நல்ல கேள்வி. இருக்கும். டயாலிசிஸ் ஒட்டாததைத்தான் பிரிக்கும். ஒட்டியதைத் துகளின் பகுதி என்பதா, அழுக்கு என்பதா என்பதில்தான் சண்டையே. ஒட்டியது செல்லுக்குள் துகளோடு சேர்ந்து போகும் என்றால், படம் எடுக்க எனக்கு அது போதும்.

உட்கருவுக்குள் போகிறதா என்று பார்க்க டாப்பி (உட்கருவை நீலமாகக் காட்டும் சாயம்) போடலாமா?

நீலத்தோடு நீலமா? எப்படிப் பிரிப்பீர்கள்? சிவப்புச் சாயம் போடுங்கள். எதுவும் கொடுக்காத செல்லையும் அதே அமைப்பில் எடுங்கள்; செல்லில் இருக்கும் என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு தானாகவே நீலமாக ஒளிரும்.

எம்டிடி சோதனையில் (செல்கள் உயிரோடு உள்ளனவா என்று பார்ப்பது) செல்கள் பிழைத்தன. நோயாளிக்குச் செலுத்தலாமா?

கூடாது. தட்டில் ஒரு நாள் பிழைப்பது வேறு, ஈரலிலும் சிறுநீரகத்திலும் என்ன ஆகும் என்பது வேறு.

மாதுளைத் தோலில்...

மேலே கறிவேப்பிலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.