கார் இன்சூரன்ஸ்: எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது (கேள்வி பதில்)

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக 24 வருஷம் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன். கார் இன்சூரன்ஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: சார், என் 1200 சிசி காருக்கு ரினீவல் 11,800 ரூபாய் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடலுக்கு 8,000தான் கட்டினாராம். என்னை ஏமாற்றுகிறார்களா?

முதலில் அந்த 11,800ஐப் பிரித்துப் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 1,800. மீதி 10,000. அதில் தேர்ட் பார்ட்டி (உங்கள் கார் இடித்து அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கானது) 3,416 ரூபாய். இது 2022 ஜூனில் அரசு அறிவித்த கட்டணம்: 1000 சிசி வரை 2,094, 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது.

மீதமுள்ள 6,584இல்தான் பேச இடம் இருக்கிறது. அதில் ஓன் டேமேஜ் (உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கானது), கூடுதல் கவர்கள், உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு எல்லாம் அடக்கம். ஓன் டேமேஜ் விலையை 2007 முதல் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே காருக்கு ஷோரூமில் ஒரு விலை, ஏஜென்ட்டிடம் ஒரு விலை, இணையத்தில் வேறு விலை.

பக்கத்து வீட்டுக்காரரின் பாலிசியை வாங்கி உங்களுடையதோடு சேர்த்து வைத்து மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: ஐடிவி, என்சிபி (கிளெய்ம் போடாத வருஷங்களுக்காக ஓன் டேமேஜில் கிடைக்கும் தள்ளுபடி), கூடுதல் கவர். வித்தியாசம் அங்கேதான் இருக்கும். அவருக்கு ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் என்சிபி 50 சதவீதம் ஆகியிருந்தால் அது அவர் சம்பாதித்தது. ஐடிவியைக் குறைத்துப் போட்டிருந்தால் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள்.

ஐடிவி என்றால் கார் திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ கம்பெனி கொடுக்கும் தொகை. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே முழு நஷ்டம் என்று எழுதிவிடுவோம். எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு கேஸ்: 6 லட்சம் பெறும் கார், பிரீமியத்தில் 1,400 ரூபாய் மிச்சம் பிடிக்க ஐடிவி 4.5 லட்சம் என்று போட்டிருந்தார். மறைமலைநகர் அருகே லாரி இடித்து ரிப்பேர் எஸ்டிமேட் 3.5 லட்சம் வந்தது. 6 லட்சம் போட்டிருந்தால் வரம்பு 4.5 லட்சம், வண்டி ரிப்பேராகி வீடு திரும்பியிருக்கும். 4.5 லட்சத்துக்கு வரம்பு 3,37,500தான். முழு நஷ்டம் ஆனது. கைக்கு வந்த பணத்தில் அதே கார் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சேலத்திலிருந்து: எந்தக் கம்பெனி மலிவு?

பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் நீங்கள் நம்பும் ஒர்க்‌ஷாப்பில் எந்தெந்தக் கம்பெனிக்கு கேஷ்லெஸ் (ரிப்பேர் பணத்தைக் கம்பெனியே நேராகக் கட்டுவது) இருக்கிறது என்று கேளுங்கள். பாடி ஷாப் சூப்பர்வைசருக்கு யார் பணத்தை இழுத்தடிக்கிறார்கள் என்பது அத்துப்படி. அந்தப் பட்டியலுக்குள் விலையை ஒப்பிடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: ஒவ்வொரு டிசம்பரிலும் பயமாக இருக்கிறது சார். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளம் வராதா? என்ஜின் புரொடெக்ட் கட்டாயம் எடுக்கணுமா?

உங்கள் பகுதிக்கு எடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காம்ப்ரிஹென்சிவ் என்றால் தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த பாலிசி. வெள்ளம் அதிலேயே உண்டு. சீட், வயரிங், கார்பெட் நனைந்ததற்குப் பணம் வரும். பிரச்சினை என்ஜினில். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டி பார்த்தேன். உங்கள் பக்கமே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரே மாதிரி இரண்டு கார்கள். இரண்டிலும் கதவின் உட்புறத்தில் ஒரே உயரத்தில் சேற்றுக் கோடு. முதல் வண்டியின் டிப்ஸ்டிக்கை உருவினேன், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆனால் உரிமையாளர் சாவியைத் தொடவே இல்லை. ஆயிலை வடித்து, சுத்தம் செய்து, மறுபடி ஊற்றிக் கிளப்பினார்கள். இரண்டாவது வண்டிக்காரர் "ஓடுதா பார்க்கலாம்" என்று இரண்டு முறை ஸ்டார்ட் செய்திருந்தார். சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டியதும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. என்ஜினைப் பிரித்து மேஜை மேல் வைத்தபோது ராடு கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளைந்திருந்தது. கம்பெனி அதை வெள்ளத்தால் வந்த சேதமாக ஏற்கவில்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்றது. என்ஜின் செலவு அவர் தலையில்.

என்ஜின் புரொடெக்ட் இந்த இடைவெளியைத்தான் மூடுகிறது. அது இருந்தாலும், தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தண்ணீர்க் கோடு தெரிய போட்டோ எடுங்கள், டோ பண்ணச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து: பம்பர் டு பம்பர் தேவையா?

பம்பர் டு பம்பர் என்பதும் ஜீரோ டெப் என்பதும் ஒன்றுதான்: பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர். கார் ஐந்து வயதுக்குள் என்றால் தேவை. மூன்று வருஷம் முடிந்த காரின் முன்பக்க அடியை எடுத்துக்கொள்வோம். பம்பர் 6,000, ஹெட்லைட் 8,000. இரண்டும் பிளாஸ்டிக், தேய்மானம் 50 சதவீதம். ஃபெண்டர் 4,000, தகரம், இந்த வயதுக்கு 25 சதவீதம். பெயிண்டிங் 8,000, அதில் கால் பங்கு பெயிண்ட் பொருள் என்று வைத்து அதில் பாதி கழியும். கூலி 3,000க்குக் கழிவு இல்லை. ஆக மொத்த பில் 29,000. தேய்மானம் 9,000, கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டியது) 1,000. உங்களுக்கு வருவது 19,000. ஜீரோ டெப் இருந்தால் 28,000.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, பார்க்கிங்கில் யாரோ பின் கதவை உரசிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் 7,000 சொல்கிறார்கள். கிளெய்ம் போட்டுவிடவா? என்சிபி 50 சதவீதத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் ஓன் டேமேஜ் 9,000.

வேண்டாம் தம்பி. உங்கள் ஓன் டேமேஜ் என்சிபிக்கு முன்னால் 9,000 என்று எழுதியிருந்தீர்கள். இப்போது கட்டுவது 4,500. ஒரு கிளெய்ம் போட்டால் என்சிபி பூஜ்யத்துக்கு இறங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறணும். கூடுதலாகக் கட்டுவது முதல் வருஷம் 4,500, அப்புறம் 2,700, 2,250, 1,350, 450. மொத்தம் 11,250. ஜிஎஸ்டி சேர்த்தால் 13,275. உங்கள் கைக்கு வருவது அதிகபட்சம் 6,000.

மதுரையிலிருந்து: இதை நான் ஏற்கவில்லை சார். 20 வருஷமாகப் பிரீமியம் கட்டுகிறோம். கிளெய்ம் போடாதே என்று நீங்களே சொன்னால் எதற்குக் கட்டணும்? அதோடு வருஷா வருஷம் ஐடிவி இறங்கும், 9,000 அப்படியே நிற்காது. உங்கள் கணக்கு தப்பு.

ஐடிவி பற்றி நீங்கள் சொன்னது சரி. 13,275 கொஞ்சம் குறையும். ஆனால் முதல் இரண்டு வருஷத்தை மட்டும் பாருங்கள்: 7,200, வரியோடு 8,496. ஐடிவி இறக்கத்தைக் கழித்தாலும் 6,000த்துக்கு மேலேதான் நிற்கும். எதற்குக் கட்டணும் என்றால், ஒரு லட்சம், இரண்டு லட்சம் செலவு வரும் நாளுக்காக. அந்த நாளில் யோசிக்காமல் போடுங்கள்.

மீண்டும் மதுரை: அடுத்த வருஷம் காரையே விற்கப் போகிறவருக்கு என்ன நஷ்டம்?

அவருக்குத்தான் பெரிய நஷ்டம். என்சிபி காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. பழைய காரை விற்றதும் கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் புதுக் காருக்கு அந்த 50 சதவீதம் வரும். புதுக் காரின் ஓன் டேமேஜ் 20,000 என்றால் 10,000 மிச்சம். 6,000த்துக்காக அதை விடுவீர்களா?

திருச்சியிலிருந்து: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். என் கார் 9 வருஷப் பழசு. ஓன் டேமேஜ் 3,000தான். டிங்கரிங், பெயிண்டிங் சேர்த்து 9,000 கேட்கிறார்கள். எனக்கும் இதே பதிலா?

இல்லை, நீங்கள் போடலாம். உங்கள் என்சிபி இழப்பு அதே கணக்கில் மூன்றில் ஒரு பங்கு: 3,750, வரியோடு 4,425. பாகம் மாற்றாமல் தட்டி எடுத்து பெயிண்ட் அடிப்பது என்றால் கழிவுகள் போக 7,000க்கு மேல் கிடைக்கும். மதுரைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கும் இடம் இதுதான். கிளெய்ம் போடலாமா என்பதை உங்கள் ஓன் டேமேஜ் தொகைதான் முடிவு செய்யும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் என்னைக் கேட்டுப் பயன் இல்லை.

ஈரோட்டிலிருந்து: என்சிபி புரொடெக்ட் எடுத்தால் இந்தச் சண்டையே வேண்டாமே?

50 சதவீதத்தில் இருப்பவர்கள் விலை பார்த்து எடுக்கலாம். வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை காக்கும் என்று படித்துவிட்டு எடுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: போன வருஷம் கிளெய்ம் வாங்கினேன். கம்பெனி மாற்றும்போது ஏஜென்ட் 50 சதவீதம் என்சிபி போட்டுக் கொடுத்துவிட்டார். இருக்கட்டும் தானே?

இருக்கவே கூடாது. இன்றைக்கே எழுத்தில் தெரிவித்து வித்தியாசத்தைக் கட்டுங்கள். கிளெய்ம் வந்தால் புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் கிளெய்ம் கைவிட்டுப் போகும். 3,000 ரூபாய்க்காக 3 லட்சத்தை இழந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட்டுடையது அல்ல.

வேலூரிலிருந்து: மலிவான கம்பெனி எது?
கடலூரிலிருந்து: எந்தக் கம்பெனியில் பிரீமியம் குறைவு?

சேலத்துக்குச் சொன்ன பதில்தான் இருவருக்கும். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து: வீட்டில் இரண்டு கார், இரண்டும் என் பெயரில். இரண்டு பாலிசியிலும் உரிமையாளர் விபத்துக் காப்பீட்டுக்குக் காசு வாங்குகிறார்கள்.

ஒன்றில் போதும். தனியாக 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் இரண்டிலுமே வேண்டாம். அறிவிப்புக் கடிதம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். குறைப்பதற்கு இதுதான் சரியான இடம்.

காஞ்சிபுரத்திலிருந்து: புதுக் கார் எடுக்கிறேன். இன்சூரன்ஸும் ஷோரூமிலேயே எடுத்தால்தான் டெலிவரி என்கிறார்கள்.

அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. புதுக் காருக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஓன் டேமேஜை ஒரு வருஷத்துக்கு எடுத்து அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போகலாம். வெளியில் இரண்டு விலை வாங்கிக்கொண்டு போய் ஷோரூம் மேனேஜரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பாலிசி முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. என்சிபி கிடைக்குமா?

கிடைக்காது. 90 நாள்தான் கெடு. வண்டியைக் காட்டி இன்ஸ்பெக்‌ஷன் முடித்துப் புதிதாக எடுங்கள், அதுவரை வெளியே எடுக்காதீர்கள். பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். அது போகட்டும், யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு உங்கள் சொத்திலிருந்து போகும்.

நாமக்கல்லிலிருந்து: ஐடிவியைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தால் பரவாயில்லையா?

தாம்பரத்துக்கு எழுதியதைப் படியுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எது நல்லது?

என் துறை இல்லை. தெரியாததில் வழிகாட்ட மாட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து: என் அண்ணன் பைக்கில் போகும்போது ஒரு கார் மோதி இறந்துவிட்டார். கார்க்காரர் இன்சூரன்ஸ் தருமா?

மனசு கனக்கிறது அம்மா. தரும். உயிரிழப்புக்கு தேர்ட் பார்ட்டியில் உச்ச வரம்பு கிடையாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடணும், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் என்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அண்ணனின் சம்பள ஆதாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். கம்பெனி ஆள் வந்து நீட்டும் சமரசக் கடிதத்தில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆசிரியை: கணவர் போன மாதம் மாரடைப்பில் காலமானார். கார் அவர் பெயரில். பாலிசி இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, என்சிபி 45 சதவீதம். எல்லாம் போய்விட்டதா, புதிதாக எடுக்கணுமா?

போகவில்லை டீச்சர். உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அந்தப் பாலிசி செல்லும். அதற்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆர்டிஓவுக்கு இறந்த 30 நாளுக்குள் தெரிவிக்கணும். அது தாண்டியிருந்தால் நாளைக்கே ஒரு கடிதம் கொடுங்கள். ஆர்சியை மாற்றும் விண்ணப்பத்துக்கும் அதே மூன்று மாதம்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்சி, பாலிசி நான்கிலும் இரண்டிரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கார் மனைவிக்கோ பிள்ளைக்கோ வந்தால் என்சிபியும் கூடவே வரும் என்பது விதி. கவுன்டரில் இருப்பவர் பூஜ்யம் என்று போட்டால் திருத்தச் சொல்லுங்கள். அந்த 45 சதவீதம் உங்களுடையது.