டிக்கெட் ஆள் மாறிப் போயிருக்கிறது

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதிக்கு முறை வந்ததும், சென்ற ஆண்டு நானும் மனைவியும் கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் கொடுத்தோம். இன்னும் முடிவு வரவில்லை. கும்பகோணத்தில் அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் எல்லாம் ரத்தாகிவிடும், முக்கியமாக மூல விண்ணப்பதாரர் நகரவே கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பாஸ்போர்ட்டில் என் விசா முத்திரை இன்னும் பதினொரு மாதம் செல்லும். மனைவி எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர். இப்போது ஐ-485ஐ வைத்து வாங்கிய வேலை அனுமதி அட்டையில் வேலை செய்கிறார். அட்வான்ஸ் பரோல் எனும் மறுநுழைவு அனுமதி இருவரிடமும் இல்லை. எனக்குப் பதிலாக அவரை அனுப்ப டிக்கெட் எடுத்துவிட்டேன். செய்தது சரிதானே?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சரியில்லை. நேர்மாறாகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் தாராளமாகப் போய்வரக்கூடியவர் நீங்கள். இப்போது விமானம் ஏறவே கூடாதவர் உங்கள் மனைவி.

உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்து. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, மறுநுழைவு அனுமதியைக் கையில் வாங்காமல் வெளியேறுகிறவர் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே அமெரிக்கக் குடிவரவுத் துறை கொள்ளும். இது பொது விதி. அதே ஒழுங்குமுறையிலேயே எச்-1பி ஊழியர்களுக்கும், எல்-1 விசாவில் நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி வந்த ஊழியர்களுக்கும், அவர்களைச் சார்ந்து எச்-4, எல்-2 நிலையில் இருக்கும் குடும்பத்தாருக்கும் விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. செல்லுபடியாகும் எச் விசாவோடு திரும்பி வந்து, அதே நிறுவனத்தில் வேலையைத் தொடர்ந்தால் உங்கள் விண்ணப்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்னுரிமைத் தேதியிலும் ஒரு நாள்கூட நகராது. நாடுகடத்தல் வழக்கு ஏதும் உங்கள்மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எச்-1பியை விட்டுவிட்டு வேலை அனுமதி அட்டையை வைத்து வேறு நிறுவனத்துக்குத் தாவியிருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் மனைவிக்கு இந்த விலக்கு கிடையாது. எஃப்-1 அந்தப் பட்டியலில் இல்லை. இந்த டிக்கெட்டில் அவர் கிளம்பினால், அவருடைய ஐ-485 அன்றோடு முடிந்தது. அதன்மேல் நிற்கும் வேலை அனுமதியும் போய்விடும், வேலையும் போய்விடும். நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்தவர் என்பதால் மறுபடியும் மாணவர் விசா கிடைப்பதும் கடினம். சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் எச்-4 விசா வாங்கித் திரும்பி வந்து, புதிதாகக் கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் சொல்லும் விசா அறிவிக்கையில் உங்கள் தேதி பின்னுக்குப் போகாமல் இருந்தால்தான். வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 சதவீதம் என்பது உச்சவரம்பு. அந்த வரிசையில் இத்தனை ஆண்டு நின்ற உங்களுக்கு, தேதி பின்னுக்குப் போவது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் காரணம் உண்டு. இதே வதந்தியை நம்பி, பெற்றவர்களின் கடைசி நாட்களுக்குப் போகாமல் இருந்துவிட்டவர்களின் கடிதங்களைப் பல முறை படித்திருக்கிறேன். அவர்களில் பலர் எச்-1பிக்காரர்கள். போயிருக்கலாம். எவரோ எங்கோ கேட்டதை அடுத்தவருக்கு ஓதுகிறார்கள். எதிரே இருப்பவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று கேட்பதே இல்லை. லண்டனில் இருப்பவர் 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பார். டொராண்டோவில் இருப்பவர் ஐந்தாண்டில் 730 நாள் உள்ளே இருக்க வேண்டும் என்பார். முதலாவது பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை கேட்பவருக்கான கணக்கு. இரண்டாவது கனடாவில் அதை வாங்கிவிட்டவர் இழக்காமல் காப்பதற்கானது. ஐ-485 நிலுவையில் இருப்பவருக்கு அப்படி நாள் எண்ணும் விதியே இல்லை. அதற்கு முந்தைய கட்டங்களான தொழிலாளர் சான்றும் ஐ-140 மனுவும் நிறுவனம் போடுபவை. அவை நடக்கும்போது ஊழியர் ஊருக்குப் போய்வருவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பரோல் என்றதும் நம் ஊரில் சிறைதான் நினைவுக்கு வரும். அதனாலோ என்னவோ, பலர் அதன் பக்கமே போவதில்லை. வெளியே போகும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளும் மறுநுழைவு அனுமதி அது. ஐ-131 படிவத்தில் கேட்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன்பு ஐ-485 கட்டணத்திலேயே அடங்கியிருந்தது. இப்போது தனியாகக் கட்ட வேண்டும் என்பதால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விடாதீர்கள். உங்கள் மனைவிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி அவசர அனுமதி கேட்கவும் வழி உண்டு: குடிவரவுத் துறையின் தொலைபேசி மையத்தில் பேசி, உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். கடிதம் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது. விண்ணப்பித்தால் போதாது, அனுமதி கைக்கு வந்த பிறகே அவர் புறப்பட வேண்டும்.

உங்களுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்கிறேன். இந்த முறை விசா முத்திரை இருக்கிறது. அடுத்த முறை இருக்காது. முத்திரை முடிந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சிக்கிக்கொள்வதுதான் இப்போது உண்மையான அபாயம். புது முத்திரை வாங்க, 2025 செப்டம்பர் முதல் பெரும்பாலோருக்கு நேர்காணல் விலக்கு கிடையாது. அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் ஆராய்கிறார்கள். அந்த மாதம் இந்தியாவில் நேர்காணல் தேதி வைத்திருந்த பலருக்கு அது மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அட்வான்ஸ் பரோல் கையில் இருந்தால் விசா முத்திரை இல்லாமலே விமானம் ஏறலாம். அதில் திரும்பி வந்தாலும் அதே நிறுவனத்தில் வேலையைத் தொடர முடியும். ஆனால் உள்ளே விடுவதா என்பதை விமான நிலைய அதிகாரியே முடிவு செய்வார். பரோல் அதற்கு உத்தரவாதம் அல்ல.

பாஸ்போர்ட்டோடு எச்-1பிக்கான ஐ-797 ஒப்புதல் கடிதம், ஐ-485 ரசீதின் நகல், நிறுவனத்தின் வேலைக் கடிதம், கடைசிச் சில சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். உங்கள் வழக்கறிஞருக்கு இன்றே பயணத் தேதியைச் சொல்லி, உங்கள் எச்-1பி நிலையில் குறை ஏதும் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மனைவி வீட்டில் இருப்பது ஒருவகையில் நல்லதுதான். கைரேகைக்கோ நேர்காணலுக்கோ உங்களை அழைத்துக் கடிதம் வந்தால், அதைப் பார்த்து உடனே உங்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்கள்.

டிக்கெட்டில் பெயரை மாற்ற விமான நிறுவனங்கள் பொதுவாக விடுவதில்லை. மனைவியின் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். போகும் பணம் போகட்டும். உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். அப்பா கேட்பது உங்கள் குரலைத்தான்.