பழைய பிளேட் எங்கே?

கேள்வி: என்னிடம் 2016-ம் ஆண்டுச் சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று வீட்டருகே உள்ள பட்டறையில் விட்டேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றியதாகச் சொல்லி, கூலியோடு 13,600 ரூபாய் வாங்கினார்கள். கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. இருபத்திரண்டாம் நாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை வேறு. திரும்பப் போய்க் கேட்டால், “கிளட்ச் மேலேயே கால் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், சார்” என்கிறார் முதலாளி. வேறொரு மெக்கானிக் நாளைக்கே கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார். கழற்றச் சொல்லட்டுமா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எவ்வளவு செலவாகும்?
– மடிப்பாக்கம் வாசகர்

பதில்: நாளைக்கு வேண்டாம். அந்த நல்ல மனிதரை ஒரு பத்து நாள் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் வாகனக் காப்பீட்டு சர்வேயராக, அதாவது வண்டிகளின் சேதத்தை மதிப்பிடுபவனாக, இருந்தவன் நான். அப்படிப்பட்ட நானே சொந்த வண்டியில் கோட்டை விட்டிருக்கிறேன். என் ஸ்கூட்டரின் சிலிண்டரை உள்ளே கடைந்து (‘போர்’ செய்து) பிஸ்டன் மாற்றினார்கள். ஒரே மாதத்தில் புகை கக்கியது. ஆத்திரத்தில் இன்னொருவரிடம் கொண்டுபோய் என்ஜினைப் பிரித்தேன். பிறகு முதல் பட்டறைக்குப் போனபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வேறு கை பட்டுவிட்டது, சார். இனி என்னைக் கேட்காதீர்கள்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனவே, கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. காலியான சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் காரை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் அங்கேயே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரே ஒரு முறை, சில விநாடிகள் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள். கிலோமீட்டர் மீட்டரும் தெரியும்படி அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது கேபிள் கிளட்ச் என்றால் பெடலைக் கையால் அழுத்தியும் பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே விறைப்பாக இருந்தால் கேபிளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்; கால் வைக்காமலே கிளட்ச் கொஞ்சம் அழுந்தியபடி இருக்கும். அப்படியானால் உங்கள் கால் மேல் பழி போட முடியாது.

பிறகு ஒரு கடிதம். வண்டி எண், விட்ட தேதி, கொடுத்த பணம், ஓடிய கிலோமீட்டர், இப்போது என்ன கோளாறு என்று எழுதி, “பத்து நாளைக்குள் என் முன்னிலையில் கழற்றிக் காட்டுங்கள், பழைய பாகங்களையும் தாருங்கள்” என்று கேளுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். திட்டி எழுத வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளைக்கு ஆணையத்தில் மூன்றாம் மனிதர் ஒருவர் படிக்கப் போகிறார்.

முதலாளி சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேளச்சேரி மெயின் ரோட்டு நெரிசலில் அரைக் கிளட்சிலேயே ஊர்ந்து பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்! கழற்றினால் பாகமே சொல்லிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்த கார்க்காரர்களில் பலர் “சாவியைத் தொடவே இல்லை” என்று சாதித்தார்கள்; தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததால் உள்ளே வளைந்து கிடந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வேறு கதை சொன்னது.

உங்கள் கிளட்சில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் ரிவெட், அதாவது உராய்வுப் பட்டையைப் பிளேட்டோடு பிணைக்கும் ஆணி. புதிய பிளேட்டில் ரிவெட் தலைகள் உராய்வுப் பட்டைக்குள் நன்றாக அமுங்கியிருக்கும். பழையதில் மேற்பரப்பை எட்டிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளரின் முத்திரையும் பாக எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அடுத்தது எண்ணெய். பட்டை கறுத்துப் பிசுபிசுத்தால் என்ஜின் பக்கத்து ஆயில் சீலோ கியர்பாக்ஸ் பக்கத்து ஆயில் சீலோ கசிகிறது. கியர்பாக்ஸை இறக்கிய மெக்கானிக்கின் கண்ணில் அது படாமல் இருக்காது. சில நூறு ரூபாய் சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் போட்டு மூடியிருந்தால் அது சேவைக் குறைபாடு. நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியாகப் பிரஷர் பிளேட். எண்ணெய்ப் பசையே இல்லாமல் சூட்டில் நீலம் பாய்ந்து, பட்டை காய்ந்து கருகி, பெடலின் தொளதொளப்பும் சரியாக இருந்தால், மன்னிக்கவும், உங்கள் கால்தான் காரணமாக இருக்கும். வழக்கை விட்டுவிடுங்கள்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் மற்ற மெக்கானிக்கிடம் போங்கள். கழற்றக் கழற்றப் படமெடுத்து, அவர் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இருந்தால் இன்னும் வலு. கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். துண்டுச் சீட்டுதானே என்று கலங்காதீர்கள். பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சி.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். எப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்கு 9,000 ரூபாய் பேசி வண்டியைப் பட்டறையில் விட்டேன். இப்போது 15,500 கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். சண்டை போட்டு எடுத்து வந்துவிடலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: செய்யாதீர்கள். உழைத்ததற்கு நியாயமாகச் சேர வேண்டிய கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு பட்டறைக்காரருக்குத் தருகிறது. அதற்காக, பேசாத வேலைக்கெல்லாம் அவர் கேட்டது நியாயமான கூலி ஆகிவிடாது. என்றாலும் ஆட்டோ நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் சோற்றில்தான் கை வைக்கிறது. பேசிய 9,000-ஐக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மசியாவிட்டால், கூடுதல் தொகையை “மறுப்புடன் செலுத்துகிறேன்” என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்து, வண்டியை எடுத்து வந்தபின் வழக்குப் போடுங்கள். தொழிலுக்கு ஓடும் வண்டி, நுகர்வோர் சட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரையும் அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. அடுத்த எப்.சி.க்கு விடும்போது டிங்கரிங், பெயிண்ட், சீட் என்று வேலை வேலையாக எழுதி, தொகையும் போட்டு, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.