பதினான்கு பதினாறானால் நோய் கூடிவிட்டதா?

மல்லாவியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “என் தம்பி மூன்று மாதமாக உளவளத்துணைக்குப் போகிறான். போகும்போதெல்லாம் ஒன்பது கேள்விகள் உள்ள தாளொன்றை நிரப்பச் சொல்கிறார்கள். முதலில் 17, பிறகு 14, இப்போது 16. நோய் கூடுகிறதா? அடுத்த முறை குறைத்துப் போடச் சொல்லட்டுமா?”

வேண்டாம், சகோதரி. காய்ச்சல்காரப் பிள்ளையின் வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டுவது போன்றது அது.

பிஎச்கியூ-9 எனப்படும் அந்தத் தாள் மனச்சோர்வை அளப்பது. கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, சலிப்பு எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. நான்கு இரவு தூக்கம் கெட்டு, அசதியும் சேர்ந்தாலே இரண்டு புள்ளி ஏறிவிடும். ஏறக்குறைய 5 புள்ளி மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுக்கிறோம். ஆகவே 14 இலிருந்து 16 ஆனதற்குக் கலங்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்று மாதம். 17 இல் தொடங்கியவர் இன்னும் 16 இல் நிற்கிறார். 20ஐத் தொட்டால் கடும் மனச்சோர்வு; இது அதற்கு முந்திய படி. ஆறு வாரமாகியும் 5 புள்ளியாவது இறங்காவிட்டால் உளவளத்துணையாளர் எதையாவது மாற்ற வேண்டும்: சந்திப்புகளைக் கூட்டலாம், வழிமுறையை மாற்றலாம், மனநல வைத்தியரிடம் அனுப்பலாம். “இந்தப் புள்ளியைப் பார்த்து எதை மாற்றினீர்கள்?” என்று தம்பி கேட்கட்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது. சிகிச்சை தரும் எங்கள் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதற்குச் சான்று உண்டு. 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 550 பேரில் 3 பேரே மோசமாவார்கள் என்று சிகிச்சையாளர்கள் கணித்தார்கள். மோசமானவர்கள் 40 பேர்.

போர் முடிந்த 2009க்குப் பின் வன்னிச் சனம் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் கொஞ்சமா? திட்டம் முடிந்ததும் தாள்கள் அறிக்கைக்குப் போய்விடும், உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போய்விடுவார். புதிதாக வருபவர் மறுபடியும் முதற் கேள்வியிலிருந்து தொடங்குவார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. தம்பியின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியையும் புள்ளியையும் நீங்களே எழுதி வையுங்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு உதவும் என்று சொல்லிப் புள்ளியைக் கூட்டித் தரும் தரகர்களிடம் போய்விடாதீர்கள். அப்படிப் போன ஒருவர் என்னிடம் கொண்டுவந்த தாளில் ஒன்பது வட்டமும் 3 இல், ஒரே நீலப் பேனையால் போடப்பட்டிருந்தன. அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. பணமும் போய், உண்மையான வருத்தத்தையும் யாரும் நம்பாத நிலைக்கு அவர் வந்திருந்தார்.

ஒன்பதாவது கேள்வி மட்டும் வேறு. செத்துவிட்டால் நல்லது, என்னை நானே காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்பது அது. அதில் 0 தவிர எது விழுந்தாலும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். மற்ற எட்டும் 0 ஆக இருந்தாலும், மொத்தம் 17 இலிருந்து 8 ஆக இறங்கியிருந்தாலும், “சும்மா போட்டேன் அக்கா” என்று அவன் சிரித்தாலும், 1 என்றால் 1 தான். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அவனைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவில் பஸ் இல்லையென்றால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்துவிட்டு, விடியும் வரை பக்கத்தில் இருங்கள்.