முந்திரித் தோப்பை அடகு வைக்காதீர்கள்

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், ஆவணப்படத் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். அவளுடைய தாய்மாமன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். தோப்பை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. வைக்காதீர்கள்.

2011-இல் வீசிய 'தானே' புயலில் அந்தத் தோப்பு சாய்ந்ததையும், மறுபடி நட்டுக் காய்ப்புக்குக் காத்திருந்ததையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விருப்பமில்லாத படிப்பில் பிள்ளையை நான்கு ஆண்டு உட்காரவைக்க அதைப் பணயமாக்கச் சொல்பவர், வட்டி கட்டும் நாளில் வந்து நிற்கமாட்டார். 'படிக்கச் சோம்பல்' என்று அவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அந்தப் புயலைப் பற்றித் தெருவிலுள்ள முதியவர்களைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து, சொல் சொல்லாக எழுதி வைத்திருக்கும் பெண் சோம்பேறியாக இருக்க முடியாது.

அதே கண்டிப்போடு இன்னொன்று: லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் திரைப்படப் பள்ளியும் வேண்டாம்.

புதுச்சேரி, கடலூர் போன்ற ஊரில் சிறிய ஆவணப்பட ஸ்டுடியோ என்றால் மூன்று நான்கு பேர், ஒரு வாடகை அறை, ஓரிரு கணினிகள். வாடகையைக் கட்டுவது தொண்டு நிறுவனங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் எடுத்துக்கொடுக்கும் படங்கள்தான். முன்பணம் வரும், மீதி இழுபறியாகும். சொந்தப் படம் அந்த வேலைகளுக்கு நடுவே, சில சமயம் ஆண்டுக்கணக்கில், நகரும். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

இப்படிப்பட்ட ஸ்டுடியோவுக்கு வேலை பழக வருகிற பிள்ளைகள் எல்லோரும் கேமராவைத்தான் கேட்கிறார்கள். ஒலிப்பதிவை யாரும் கேட்பதில்லை. உங்கள் மகளுக்கு நான் சொல்வது அதைத்தான். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கேட்கவில்லையென்றால் எழுந்துவிடுவார். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீனவப் பெண்மணி ஒருவரின் பேட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று மைக்கில் அறையாமல் ரோம உறை போட வேண்டும். காலர் மைக் சேலையில் உரசாமல் பொருத்த வேண்டும். ஹெட்போனில் படகு எஞ்சின் கேட்டால், கூச்சப்படாமல் இயக்குநரை நிறுத்தச் சொல்ல வேண்டும். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அமைதியாக்கி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிய வேண்டும். எடிட்டர் வெட்டிய இடங்களை ஒட்டவைப்பது அதுதான். இரவு திரும்பியதும் கோப்புகளுக்குப் பெயரிட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, மூன்றாம் பிரதியை வேறு வீட்டில் வைக்க வேண்டும். அடுத்து, நேரக்குறியோடு பேச்சை எழுத்தாக்கும் வேலை. வட்டார வழக்கைப் பிசகாமல் எழுதுபவர் கிடைப்பது அரிது. அதை உங்கள் மகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்!

இதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த ஒரு பட்டப்படிப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். எடிட்டிங் பழக டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களை நேரில் பார்த்தால் உங்களுக்கும் தெளிவு வரும்.

விடுமுறையில் ஸ்டுடியோவுக்கு அனுப்பும் முன் நீங்கள் போய்ப் பாருங்கள். பழகும் காலம் எவ்வளவு, அதன்பின் நாள் சம்பளம் என்ன, படத்தில் பெயர் வருமா, வெளியூர்ப் படப்பிடிப்பில் பெண்பிள்ளைக்குத் தங்குமிடம் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம், வேறு தேடலாம். கல்லூரி விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மைத்துனரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.